கரி படிந்த சுவரும் பதினோராவது அடுப்பும்

சில வருடங்களுக்கு முன்பு, ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கின் சுவரை ஒட்டி, நடைபாதையில் தார்ப்பாய் கட்டி பத்துக் குடும்பங்கள் இருந்தோம். ஐந்தாவதோடு படிப்பை விட்டு, மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஆய்ந்து கொடுக்கப் போனவள் நான். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை வந்தால் பயம், வராவிட்டால் தண்ணீர் லாரி வராதே என்று பயம்.

அதைவிடப் பெரிய பயம், கையில் ஃபைலோடு வருபவர்கள். அவர்கள் வந்தால் பின்னாலேயே லாரி வரும், சட்டி பானையெல்லாம் அதில் போய்விடும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முதலில் பார்ப்பவர் தட்டைத் தட்ட வேண்டும். உடனே எல்லாவற்றையும் சுருட்டி மீன் வண்டியில் போட்டுக்கொண்டு பின் தெருவுக்குப் போய்விடுவோம். கால் மணி நேரத்தில் நடைபாதை துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

அன்று காலை முனையில் மூன்று பேர் ஃபைலோடு இறங்கியதைப் பார்த்தது நான்தான். தட்டினேன். ஓடினோம்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமே, எங்க போனீங்கோ? வூடில்லாதவங்களுக்கு வூடு குடுக்கக் கணக்கெடுக்க வந்தாங்கோ. ஒரு ஆளக் காணோமேன்னு போய்ட்டாங்கோ."

பக்கத்துத் தார்ப்பாயில் இருந்தவள், வயதுக்கு வந்த மகளைத் தினமும் சேலை மறைப்பில் குளிக்க வைப்பவள். "ஆயுசுல ஒரு தபா கதவு வச்ச வூடு வந்துச்சு, அதையும் தட்டித் தொரத்திட்டியே! போ, அந்தத் தட்டையே கட்டிகினு தூங்கு" என்றாள். அப்புறம் யாரும் என்னிடம் பேசவில்லை.

அன்று மத்தியானமே மாநகராட்சி அலுவலகத்துக்கு நானே போனேன். உள்ளே யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஒரு தூண் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்றதும் அழுதுவிட்டேன். "நாங்க கீறோம் மேடம். ஓடிட்டோம். நான்தான் ஓட வச்சேன்."

காலையில் வந்த மூவரில் அவரும் ஒருவர். சிரித்துக்கொண்டே ஃபைலைத் திறந்தார். "தெரியும்மா. செவுத்துல பதினோரு எடத்துல அடுப்புக் கரி. ஒரு கல்லு இன்னும் சூடா இருந்துச்சு. பேயா வந்து சோறாக்கிட்டுப் போச்சு?" காலியான இடம் என்று அவர் எழுதவில்லை. 'பதினோரு அடுப்பு. ஆட்கள் வெளியே. மறுபடி வரவேண்டும்' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் எங்கள் வேலை முடியும் நேரம் கேட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் தனியாக வந்தார். கவிழ்த்த மீன் கூடைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பமாக எழுதினார். மணலி புதுநகர்ப் பக்கம் வீடு கிடைத்தால் போவீர்களா என்றும் கேட்டார்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து விடியக்காலம் மீன் ஏலத்துக்கு எப்டி மேடம் வர்றது?" என்றாள் பக்கத்துக்காரி.

"அதான் கேக்குறேன். இங்க எழுதலன்னா மேல இருக்குறவங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

பத்துக் குடும்பமும் முடிந்தது. ஆனால் அவர் ஃபைலை மூடவில்லை. "பதினோராவது அடுப்பு யாரோடது?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கோடியில் தனியாக இருந்த, ஐஸ் உடைக்கும் பெரியவருடையது அது. காலில் புண்ணோடு அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்து பத்து நாளாகியிருந்தது. பக்கத்திலேயே இருந்த எங்களில் ஒருவருக்கும் அதுவரை அவர் நினைவு வரவில்லை. அன்று மாலையே அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் அவரையும் எழுதிக்கொண்டார். தனி ஆள் என்பதால், துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஆண்கள் காப்பகத்தில் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்தது.

எங்களுக்கு வீடு வர இரண்டு வருடம் ஆனது. மூன்றாவது மாடி, ஒரே பஸ்ஸில் துறைமுகம். முதல் நாள் பக்கத்துக்காரியின் மகள் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அம்மாக்காரி கதவுக்கு வெளியே நின்று திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் பயம் போகவில்லை. இப்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறேன். ஆனால் எங்கள் மாடிக்கு யாராவது கணக்கெடுக்க வந்தால், அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவர்களின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். யாராவது விட்டுப்போய்விடுவார்களோ என்ற அந்த ஒரு பயத்தை மட்டும் நான் விடுவதாக இல்லை.