தொங்கவிட்டுப் பாராத சக்கரம்

இதற்கு நீங்கள் சாட்சியாக இருக்க வேண்டும். நான் பேசிய இரண்டு பேச்சுகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்றைத் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் பேசினேன். மற்றொன்றை மறுநாள் திருவக்கரைக்கு அப்பால் ஒரு பழைய கல் குவாரியில் பேசினேன். இரண்டையும் நன்றாகவே பேசினேன். தடுமாறியிருந்தால் இன்று இதை எழுத நேர்ந்திராது.

சட்டம் படித்து முடித்த ஆண்டு அது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டில், பட்டிமன்றங்களில் நான் வாங்கிய கேடயங்கள் அலமாரி நிறைந்து ஃப்ரிட்ஜின் மேலும் ஏறியிருந்தன. காணை கிராமத்தில் கரும்பு வைத்திருக்கும் என் பெரியப்பா, தம் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை எனக்குக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் வறண்ட ஏரிகளிலும் குவாரிகளிலும் ஜீப் ஏற்றிப் பழகும் குழு ஒன்றில் சேர்ந்தேன். என்னோடு சேர்த்து ஆறு வண்டிகள். அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர்தான் தலைவர் போல. அவர்களுள் வயதில் நான் இளையவன். வாய்க்கு மட்டும் வயது அதிகம்.

திண்டிவனம் புறவழிச்சாலை ஓரத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், அதுவரை லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டிக்கொண்டிருந்தவர். ஜீப்பை உயர்த்தி மேடேறும் வண்டியாக மாற்றும் வேலையில் அவருக்கு வெகுநாள் ஆசை. என் ஜீப்தான் முதல் வண்டி. அது சரியாக ஏறினால் மற்ற ஐந்தும் அவரிடமே வரும் என்று பேச்சு. அவர் அந்தப் பேச்சை நம்பி, பட்டறையின் பக்கவாட்டில் தகரக் கூரையை நீட்டி, இரண்டு வண்டி நிற்க இடம் பண்ணியிருந்தார்.

வேலை சுத்தமாக இருந்தது. ஸ்பிரிங் பட்டைகளை வளைத்து, கூடுதலாக ஒன்று சேர்த்து, நீளமான ஷாக் அப்சார்பர் போட்டார். பெரிய டயருக்கு இன்ஜின் திணறக்கூடாது என்று, அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனையும் மாற்றினார். வண்டி நான்கு அங்குலம் உயர்ந்து நின்றபோது, பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது முன் ஷாஃப்ட். இன்ஜினின் விசையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு அது. இரண்டு துண்டு, ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்து வழுக்கும். சக்கரம் கீழே இறங்கும்போது உள்துண்டு கொஞ்சம் வெளியே வரும். வண்டியை உயர்த்திவிட்டால் இன்னும் அதிகமாக வரும். எனவே ஜாக்கியில் ஏற்றி, முன் சக்கரங்கள் இரண்டையும் தொங்கவிட்டு, அப்போதும் நான்கு விரல் அளவாவது உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே விடுவதில்லை என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட முறை. போதாவிட்டால் லேத்தில் கொடுத்து நீட்ட வேண்டும். இரண்டு நாள் ஆகும்.

அன்று சனிக்கிழமை மாலை. மறுநாள் குவாரி.

நான் குனிந்து, தரையில் நின்ற வண்டியிலேயே விரல் வைத்து அளந்தேன். ஐந்து விரல் இருந்தது. நிமிர்ந்து பேசத் தொடங்கினேன். அவர் கேட்டது நான்கு, இருப்பது ஐந்து. ஆகவே அவர் வாதப்படியே அவர் தோற்றார் என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் இருவரை நடுவர்களாக்கினேன்.

"சார், அது தரையில நிக்கிற கணக்கு. தொங்கறப்ப எவ்ளோ வெளிய வருதுன்னு பாக்கணும்."

"நான் ஜீப்பை ஓட்டப்போறேன் அண்ணே. கயித்துல கட்டித் தொங்கவிடப் போறதில்ல."

டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "வக்கீல் கையில மாட்டிக்கினியே, மெக்கானிக்கு" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குக் கைதட்டலாகக் கேட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, மேடு ஏற்ற வேண்டாம், தரையில் மெதுவாக ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்து விடுங்கள் என்றார். தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் முதல் மேட்டையே ஏற்றினேன். செம்மண் சரிவின் விளிம்பில் வண்டியின் மூக்கு துள்ளியது. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரு கணம் காற்றில் தொங்கின. அடியில் சம்மட்டியால் அடிப்பது போல நான்கைந்து முறை சத்தம் கேட்டது. ஷாஃப்ட் கழன்று, சுழன்ற துண்டு கியர்பாக்ஸை ஒட்டி, விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் ஆக்ஸிலரி பெட்டியை உடைத்திருந்தது. சரளையில் ஆயில் ஓடியது. எனக்குக் கீறல்கூட இல்லை.

தலைவர் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார். "தொங்கவிட்டுப் பாக்காமயா வெளிய வுட்டான்?" என்று கேட்டார்.

மெக்கானிக் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தச் சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன என்பதற்கும் நீங்கள் சாட்சி. ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கும் முகங்கள் எதிரே இருந்தால் எனக்குத் தோற்கத் தெரியாது.

"பாக்கல அண்ணே. லாரிக்குப் பட்டை கட்டறவரை நம்பி ஜீப்பைக் குடுத்தது என் தப்புதான்" என்றேன். பழியைச் சுமப்பவன் போன்ற குரலில் பிறர்மேல் பழி போடுவது மேடையில் நான் கற்ற வித்தை. பிறகு பொறுப்பு என்றால் என்ன, தொழில் நேர்மை என்றால் என்ன என்று சில நிமிடங்கள் பேசினேன். ஒருவர் என் தோளைத் தட்டினார். "நல்லவேள, உன் வண்டியோட போச்சு" என்றார் தலைவர்.

உடைந்த ஜீப்பை அதே பட்டறைக்குத்தான் இழுத்துப் போனேன். வேறு யாரிடமும் காட்ட எனக்கு முகமில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அடுத்த வாரங்களில் நான் போகும்போதெல்லாம், மற்ற வண்டிகள் எப்போது வரும் என்று விசாரித்தார். வந்துவிடுவார்கள் அண்ணே என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நீட்டிய தகரத்தின் கீழ் இடம் காலியாகவே இருந்தது.

வண்டியை எடுக்கப் போன நாளில் அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. விழுப்புரம் டீக்கடையில் எங்கள் குழு பேசியதை ஒரு லாரி டிரைவர் வந்து அவரிடம் சொல்லியிருந்தார்.

"லாரிக்குப் பட்டை கட்டறவன்னு சொன்னீங்களாம். நான் அதானே சார், அதுல தப்பில்ல. தொங்கவிட்டுப் பாக்காம நானா வெளிய வுட்டேன்னு சொன்னீங்களாம் பாருங்க, அது மட்டும் பொய்யி."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்போதும் வாக்கியம் முன்னுரையோடுதான் வந்தது. அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

வரும் ஞாயிறு குழுவினரிடம் உண்மையைச் சொல்கிறேன், என்னோடு வாருங்கள் என்று கேட்டேன். வேலை கிடக்கிறது என்று ஒரு லாரியின் அடியில் போய்விட்டார்.

ஞாயிறு காலை, குழு கூடும் டீக்கடையில் நின்றுகொண்டே சொன்னேன். சனிக்கிழமை அவர் என்ன சொன்னார், நான் எப்படிச் சிரிக்க வைத்தேன், குவாரியில் எதை மறைத்தேன் என்பதை வரிசையாகச் சொன்னேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கேட்டு முடித்ததும் தலைவர், "அன்னிக்கி அவ்ளோ அழகா பேசுனியேப்பா" என்றார். அதில் கோபமில்லை; உண்மையாகவே வியந்தார். அது என்னை அறைந்தது. அவர் வண்டியும் இன்னொருவர் வண்டியும் ஏற்கெனவே புதுச்சேரியில் வேறு பட்டறையில் ஏறிவிட்டிருந்தன. மற்ற மூவரில் ஒருவர் பார்க்கலாம் என்றார். இருவர் டீ கிளாஸைப் பார்த்தார்கள். ஒரு பேச்சில் நான் கலைத்ததை இன்னொரு பேச்சில் திரும்ப அடுக்க முடியவில்லை.

பட்டிமன்றத்தில் எதிரணிக்கும் ஒரு முறை உண்டு. மணியடித்தால் நான் இறங்க, அவர் ஏறுவார். குவாரியில் நான் பேசி முடித்தபோது பதில் சொல்ல வேண்டியவர் திண்டிவனத்தில் இருந்தார். அதை நினைத்துக்கொண்டே, கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"இனிமே யார் மேல குத்தம் சொல்றதா இருந்தாலும், அவரை எதிர்ல வச்சிக்கினுதான் சொல்லுவேன். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."