ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்த பெயர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தொலைபேசி எடுப்பவள் அவள். ஆபீசில் எல்லோருக்கும் லைன் அக்கா. அவளைவிட வயதில் மூத்த மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கம்பெனிப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் பேனா. அழைப்பு வராத நேரத்தில் அந்தப் பேனா மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். முப்பத்திரண்டாவது வயதில் அந்தக் கையை டிரம்ஸ் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தவன் தம்பி.

அவள் வாசித்த பழைய பாட்டுக் குழுவுக்குத் தம்பிதான் பாடகன். போன வருடம் ஒரு காய்ச்சலில் பதினோரு நாள் படுத்தான், எழுந்திருக்கவில்லை. குழுவும் அதோடு கலைந்தது. எட்டு மாதம் கழித்து, கிடார் வாசிக்கும் டெய்லரும் கீபோர்டு வாசிக்கும் கணக்கு வாத்தியாரும் வீட்டுக்கு வந்தார்கள். டெய்லரின் மச்சினி நன்றாகப் பாடுகிறாள், மருந்துக்கடையில் வேலை, மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்கள். லைன் அக்கா உடனே சரி என்றாள். பழைய குழுவின் பெயர் தம்பி வைத்தது, அது அவனோடு இருக்கட்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. புதுப் பெயர் வேண்டும். புதுக் குழுக்களுக்கு நகர மன்றத்தில் மேடை தருகிறார்கள்; அந்த மாதக் கடைசி வெள்ளி, மாலை ஐந்து மணிக்குள் பெயரோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

ஒரு பெயர் தேறுமா என்று பார்க்க லைன் அக்காவிடம் ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க, வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் அந்தப் பெயரைச் சொல்லி எடுப்பாள்.

முதல் ஞாயிறு வாத்தியாரின் ‘நீலக் குதிரைகள்’. கேஸ் கம்பெனிக்காரர் குதிரை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு டெய்லரின் ‘விடியலைத் தேடும் குரல்கள்’. அன்று சாயங்காலம் முடிவு கேட்க மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

“பத்தாவது போன்லயே மூச்சு வாங்குது டெய்லரே.”

“அளவெடுத்துத்தான் வெச்சேன்.”

“ரொம்ப லூசு. பிடிச்சுத் தாங்க.”

அப்போது உள்ளேயிருந்து வந்த அம்மா, “என் பிள்ளை பேரையே வைங்க” என்றாள். டெய்லரும் வாத்தியாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் ஆசைதான், ஆனால் கேட்க வாய் வராமல் இருந்த பெயர் அது. மச்சினி மட்டும், “எனக்கு ஒண்ணுமில்லக்கா” என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தின் முனையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“ஞாயித்துக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் லைன் அக்கா.

“அவன் பேருக்குமாடி பரீட்சை?”

“எல்லாப் பேருக்கும் ஒண்ணுதாம்மா.”

மூன்றாவது ஞாயிறு முதல் மணி அடித்தபோது எடுத்தாள், பெயரைச் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டாள். அடுத்த தடவை சொன்னாள். சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா ஓடி வந்தாள். அதற்கடுத்த தடவையும் வந்தாள். சித்தி, ராங் நம்பர், வேண்டுமென்றே மூன்று தடவை கூப்பிட்ட டெய்லர் என்று காலையில் ஒன்பது அழைப்பு. ஒன்பதுக்கும் அம்மா வந்து நின்றாள். மத்தியானத்துக்கு மேல் கதவு வரைக்கும் வந்தாள். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. லைன் அக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, துணி மடித்தபடியே தம்பியின் பெயரைச் சொன்னாள். பேசி முடித்து வைத்த பிறகுதான் உறைத்தது. லிஃப்ட் கம்பெனியின் பெயரைச் சொல்லும் அதே குரலில் சொல்லியிருக்கிறாள்.

போய் டிவியை நிறுத்தினாள்.

“ஏன்டி நிறுத்துன?”

“காலையில ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்தியே. இப்பவும் சொன்னேன். கேட்டுச்சா?”

அம்மா விழித்தாள். “நாடகம் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நானும் துணி மடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். ஒரே நாள்லம்மா. இன்னும் போஸ்டர்ல, மைக்குல, ஊர்வாயில எல்லாம் விட்டா தேஞ்சு போயிடும். நான் விட மாட்டேன்.”

“அப்போ அவனை மறந்துடலாங்கிற.”

“நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவன் பேரைச் சொல்ற?”

அம்மா விரலை மடித்து எண்ணினாள். “ரெண்டு தடவை. மூணு.”

“அது போதும்மா.”

அம்மாவுக்குப் போதவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மேசையில் இருப்பதைச் சுவரிடம் அறிவித்தாள்.

புதன்கிழமை ஒத்திகையில் வாத்தியார் விடவில்லை. “எல்லாருக்கும் தெரிஞ்ச பேரும்மா. கூட்டம் தானா வரும்.”

“வரும் சார்.” லைன் அக்கா மச்சினியைக் காட்டினாள். “வந்து இவளைப் பாத்து உச்சுக் கொட்டும். இவ பாடணுமா, துக்கம் விசாரிக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணுமா?”

மச்சினி அன்றுதான் முதல் தடவையாக முழுக் குரலில் பாடினாள்.

வியாழக்கிழமை அம்மா சுவரிடம் பொருமினாள். “டெய்லர் கடைக்குப் பின்னால ஒரு தகரக் கூரை. அதுக்கடியில நின்னு கத்துறதுக்கு ஒரு பேரு வேற.”

லைன் அக்கா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஆனால் சோதித்துப் பார்க்க ஞாயிறு இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஆபீஸ் தொலைபேசியை எடுத்து, “தகரக் கூரை, வணக்கம்” என்றாள். ஒரு மணி நேரம் அப்படியே சொன்னாள். முப்பத்தோராவது அழைப்பு மேனேஜருடையது.

“என்ன லைன் அக்கா, கம்பெனியை வித்துட்டாங்களா?”

“இல்ல சார். ஒரு பேரை ஓட்டிப் பாத்தேன். தேறிடுச்சு.”

“நல்லாத்தான் இருக்கு. இப்போ நம்ம பேரைச் சொல்லுங்க.”

நாலே முக்காலுக்கு விண்ணப்பம் நகர மன்றத்தில் சேர்ந்தது. பாடகர் என்ற இடத்தில் மச்சினி தன் பெயரைத் தானே எழுதினாள்.

லைன் அக்கா வீட்டுக்குள் நுழையும்போது அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“யாராவது போன்ல கேட்டா நான் என்ன பேரு சொல்றது?”

லைன் அக்கா சொன்னாள். அம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் உரக்க.

“இது தேஞ்சா தேயட்டும்” என்றாள்.