டோக்கியோ மணிக்குப் பெரட்டு

காய்ந்த ரப்பர் இலைகளைக் கூட்டிக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தப்பின் தோலை வாட்டும்போது எழுகிற வாசனைதான் எனக்கு விடியற்காலை. கோலா பிலாவை ஒட்டிய எங்கள் தோட்டத்தில், தப்படித்து ஆட்களைப் ‘பெரட்டு’க்குக் கூப்பிடுவது அப்பாவின் வேலை. சத்தம் கேட்டதும் லயத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்க, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். உள்ளே சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அதற்கும் அப்பாவின் கைக்கும் என்ன உறவு என்று கேட்டுக் கேட்டே, ஏழு வயதில் நான் வீட்டாருக்குப் பெரிய தொல்லையாக இருந்தேன்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் அது. அப்பேர்ப்பட்ட துரை, ஜப்பான்காரன் வருகிறான் என்றதும், காரில் தன் நாயை ஏற்றிக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். நாய்க்கு இடமிருந்ததே என்று லயத்தில் வெகுநாள் பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பாதி பயமும் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

துரை விட்டுப்போன மேட்டு பங்களாவில் ஜப்பான் சிப்பாய்கள் குடியேறினார்கள். ரப்பரை வாங்க நாதியில்லை. பால் கொடுத்த மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டோம், அரிசியை மறந்தோம், சாக்கைக் கிழித்து உடுத்தினோம். இதையெல்லாம்விட என்னைத் திகைக்க வைத்தது வேறு. ஒருநாள் கிராணி நாற்காலியில் ஏறி, கடிகார முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, இனிமேல் டோக்கியோ நேரம்தான் என்று அறிவித்தார்.

“ஏம்ப்பா, முள்ள தள்ளுனா சூரியனும் சீக்கிரம் வருமா?” என்று கேட்டேன்.

“அதுக்கு யாரும்மா உத்தரவு போடுறது?” என்றார் அப்பா.

சூரியன் வரவில்லை. அன்றுமுதல் பெரட்டு கும்மிருட்டில் நடந்தது. பக்கத்தில் நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு மாலை கிராணி அப்பாவைத் தனியே கூப்பிட்டு, மறுநாள் பெரட்டுக்கு லாரி வருகிறது, அரிசி தருவதாகச் சொல்லி ஆண்களை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள் என்றார். லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஏறினவர்கள் சயாமில் ரயில் பாதை போடுவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அப்பா வீடு வீடாகப் போய், காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் ஆண்கள் காட்டுக்குள் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். நீங்களும் போய்விடுங்கள் என்று அம்மா அழுதாள்.

“நானும் போயிட்டா தப்ப யாரு அடிக்கிறது? சத்தம் கேக்கலன்னா மேட்டுல உள்ளவன் உடனே எறங்கிருவான்லா.”

மறுநாள் அப்பா வழக்கம்போல இலைகளைக் கொளுத்தித் தப்பை வாட்டி அடித்தார். ஆட்கள் கூடுகிறார்கள் என்று நம்பிச் சிப்பாய்கள் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். டோக்கியோ தந்த அந்த இருட்டிலேயே ஆண்கள் அத்தனை பேரும் மரங்களுக்குள் மறைந்தார்கள். லாரி வந்தபோது நின்றது பெண்களும் கிழவர்களும் பிள்ளைகள் நாங்களும், கையில் தப்போடு அப்பாவும்தான். அப்பாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமிலும் இதே டோக்கியோ மணிதானா என்று நான் கிராணியிடம் கேட்டேன். ஆமாம் என்றார். அப்பாவும் இதே மணிக்குத்தான் எழுந்திருப்பார் என்பது எனக்கு வெகுகாலம் ஆறுதலாக இருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

சண்டை முடிந்து புதுத் துரை வந்தார், முள் பழைய இடத்துக்குப் போனது. ஆனால் ஒருவரும் தலைத்துண்டை அவிழ்க்கவில்லை. தப்படிக்க ஆள் தேடியபோது அம்மா வரிசையை விட்டு முன்னால் வந்து, “இனிமே இங்க தப்பு வேணாங்க தொரை, மணி வாங்கி மாட்டுங்க” என்றாள். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். மணி வாங்கி மாட்டினார்கள்.

இன்று அந்த லயமில்லை, ஆபீஸில்லை, ரப்பர் நின்ற இடமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. என் கைபேசி கேட்காமலே மணி காட்டுகிறது. ஆனால் பல வருஷங்களுக்கு முன் நம் அரசாங்கமே நாடு முழுக்கக் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளியபோது, நான் நாற்காலியில் ஏறி வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பினேன். அப்போது உயிரோடிருந்த அம்மா, வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்:

“இந்த வாட்டி யார ஏத்திட்டுப் போறாங்க?”