பொய்யாக எழுதிய மக்னீசியம்

வீட்டைப் பூட்டிப் படியிறங்கியவள் மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கணவர் பூட்டியிருந்தால் இரண்டு முறை இழுப்பாள். "இருபத்தஞ்சு வருஷமாச்சு, இன்னும் என்னை நம்பலையா நீ?" என்பார் அவர். அலுவலகத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் அக்கா என்று பெயர்.

வானாய்வகத்தில் பார்த்த வேலையும் அப்படி. வெகு தொலைவில் விண்மீன் போலச் சுடர்விடும் குவாசர் என்ற விண்பொருளின் ஒளியை நிறம் பிரித்தால் சில கோடுகள் தெரியும். தூரம் கூடக் கூட அவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். எந்தக் கோடு எந்தத் தனிமத்தினுடையது என்பதில் கோட்டை விட்டால் தூரமே தலைகீழாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே பார்த்து விடை எழுத வேண்டும்.

இன்னொருவர் கண்ணாடிக்காரர், தற்காலிகப் பணியாளர். முந்நூறு குவாசர் பார்த்தாயிற்று, முந்நூறிலும் அவள் விடையேதான் அவர் விடை. எங்கேயோ இடிக்கிறதே! தான் தேநீருக்கு எழுந்து போகும்போது மனுஷன் தன் திரையை எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

ஒரே ஒரு கோடு மட்டும் தெரிந்த குவாசர் ஒன்று வந்தது. பார்த்த மாத்திரத்தில் அது ஹைட்ரஜன், ரொம்பத் தூரம் என்று அவளுக்குப் பட்டது. வேண்டுமென்றே 'மக்னீசியம், கிட்டத்தில்' என்று எழுதி வைத்தாள். மூன்றாம் நாள் கண்ணாடிக்காரரின் விடை வந்தது. மக்னீசியம்.

"மாட்டினான்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். புகார் மேலே போனால் அவர் வேலை போய்விடும். தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தாள்.

இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார். புகாரைப் பற்றிப் பேசாமல், இருவர் விடைகளையும் தேதியோடு மேசைமேல் வைத்து, "இது எப்படி மக்னீசியம்?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணாடிக்காரர் மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தார். "ஓரத்துல பாருங்க சார், சின்னதா ஒரு மேடு. அது கார்பன். இது மக்னீசியம்னா அது சரியா அங்கதான் இருக்கணும். மூணு தடவை எடுத்த பதிவுலயும் இருக்கு."

அவள் அளவுகோலை வாங்கி அளந்தாள். மறுபடியும் அளந்தாள். மேடு அங்கேயேதான் இருந்தது.

"நீங்க எப்படிக்கா மொதல் நாளே கண்டுபிடிச்சீங்க?" என்றார் கண்ணாடிக்காரர், உண்மையான வியப்போடு. "நான் ரெண்டு நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டேன்."

"கண்டுபிடிக்கல," என்றாள். "பொய்னு நெனச்சுத்தான் எழுதினேன். உங்கள மாட்டிவிட."

புகாரை அங்கேயே திரும்ப வாங்கிக் கிழித்தாள். அவர் வேலை தப்பியது.

மறுநாளிலிருந்து, தேநீருக்கு எழும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் தன் திரையை அணைத்துவிட்டுப் போனார்.