என் மகள் கல்யாணப் படம் ஓடிய கதை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பிழைகளும் இருக்கும். அஞ்சாவதோடு படிப்பு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த ஹாம்பர்க் ஊரில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி யாரும் எதையும் கேட்பதில்லை. ஏணி வேண்டுமானாலும் கடையில்தான் வாங்க வேண்டும். பல வருடங்களாக இங்கே ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். அது மட்டும் இன்னும் பழகவில்லை.

விடுப்பு கிடைக்காததால் மகள் செல்வியின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. திருவொற்றியூரிலிருந்து சிடி அனுப்பியிருந்தார்கள். போட்டுப் பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. தொலைபேசியில் என் மனைவி லட்சுமி பிடித்துக்கொண்டாள்: "இன்னாயா, சிடி பாத்தியா இல்லியா? புள்ள டெய்லி கேட்டுகினே கீது. கண்ணாலத்துக்குத்தான் வர்ல, பாக்கறதுக்கும் பேஜாரான்னு எங்கண்ணன் கலாய்ச்சிகினு கீறாரு."

எங்கள் தெருவில் ஒரு சமூகக்கூடம் உண்டு. அங்கே பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்துக்கொள்பவர் யென்ஸ். சம்பளம் வாங்காதவர். சிடியைப் போட்டார், கறுப்புச் சதுரம்தான் வந்தது. படத்தைப் பிரித்துக் காட்டும் பிளகின் என்ற துணை மென்பொருள் இதில் இல்லையாம். அதை வரவழைத்தால், இன்னொன்று இருந்தால்தான் ஓடுவேன் என்றது. அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்டது. ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு நாட்டில் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்களாம்.

திருவொற்றியூர் விம்கோ நகரில் எங்கள் லைன் வீடுகளில் விசேஷம் என்றால் அண்டா ஒரு வீட்டிலிருந்து வரும், மூடி இன்னொரு வீட்டிலிருந்து. நேரில் போய்க் கேட்போம். திருப்பும்போது உள்ளே பாயசமோ ஒரு பிடி அரிசியோ இருக்க வேண்டும். "வெறும் பாத்திரத்த கொணாந்த, இந்தாண்ட வராத மாமு" என்று சிரிப்பார் அண்டாக்காரர் காதர் பாய்.

அன்றைக்குச் சமூகக்கூடத்தில் சத்தம் மட்டும் வந்தது. கறுப்புச் சதுரத்துக்குள் நாதஸ்வரம். நடுவில் லட்சுமியின் குரல், "ஃபேன இந்தாண்ட திருப்பு நைனா" என்று யாரையோ அதட்டியது.

மறுநாள் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப்போனேன். பிளகின் எழுதியவரிடம் கொடுத்துவிடச் சொன்னேன். யென்ஸ் விழித்தார்.

"பணம் வேண்டாம், இலவசம்தான்."

"பணமில்லை. பாத்திரம்."

"எந்தப் பாத்திரம்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதற்குமேல் சொல்ல வரவில்லை. பிளகின்களை எழுதியவர்களின் பெயர்களை அவர் திரையில் ஓடவிட்டார். ஒருவரையும் அவர் பார்த்ததில்லையாம். பெயர்கள் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தன. காதர் பாய்க்குக்கூட என் முகம் தெரியும். இவர்கள் என் மகளின் படம் ஓடுவதற்கென்று, என்னை அறியாமலே, எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள். பொங்கலை நானும் யென்ஸும் சாப்பிட்டோம்.

சாயங்காலம் கடைசி பிளகினும் சேர்ந்தது. படம் வந்தது. செல்வி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் நிற்க வேண்டிய இடத்தில் மைத்துனர் நின்றார். கெட்டிமேளம் கொட்டியதும் மண்டபமே எழுந்து அட்சதை தூவியது. நானும் எழுந்து, விரல்களைக் குவித்துத் திரையைப் பார்த்து வீசினேன். மேசைமேல் எதுவும் விழவில்லை. ஏன் என்று தெரியாமலே யென்ஸும் எழுந்து நின்றார்.

2008, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.