தோள்பட்டைக்குத் தெரிந்த பெயர்

பேய், ஆவி என்று யாராவது பேச வந்தால் முதலில் அவர்களுக்கு பிரஷர் பார்க்கிற ஆள் நான். போர்ட் பிளேரில் நர்ஸ் வேலை பார்த்தே தலை நரைத்தவள். நீங்கள் நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் அம்மாவின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த நாட்டு ரணவைத்தியர். கட்டி கீறுவார், எலும்பு கூட்டுவார். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. வலியில் கத்துகிறவரிடம், "என் பிள்ளைங்க பேர ஒவ்வொண்ணா சொல்லு" என்பாராம். கடைசிப் பெயர் வாயில் வரும்போது வெடுக்கென்று இழுத்துவிடுவார். அந்தக் கடைசிப் பெயர்தான் என் அம்மா, லூர்து. நாலு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண்.

அம்மா ஒரு பெங்காலிக்காரரைக் கட்டிக்கொண்டாள். அதோடு குடும்பத்தில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. போன வருஷம் பெரிய மாமாவின் மகன் சேவியர் அத்தான், தாத்தா கல்லறைக்குப் புதுச் சலவைக்கல் போட்டார். வைத்தியர் பெயர், கீழே பிள்ளைகள் பெயர். நாலே நாலு! பெற்றவரே ஊர் வாயில் போட்டு வைத்த பெயரை அழிக்க இவர் யார்?

கல்லறைத் திருநாள் சாயங்காலம் நானும் போனேன். பிள்ளைக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். அத்தான் நாலு ஏற்றினார். நான் ஐந்தாவதை ஏற்றினேன்.

"சோடோ, விடு புள்ள. தாத்தாவுக்கு நாலு பிள்ளைங்கதான். பஸ், அவ்வளவுதான்" என்று பாதி இந்தியில் அதட்டினார் அத்தான்.

"அப்போ எங்கம்மா வானத்துல இருந்து குதிச்சாளா அத்தான்?"

மனுஷன் என் மெழுகுவர்த்தியைக் காலால் தள்ளினார். மழையில் பாசி பிடித்திருந்த தரை வழுக்கி, அப்படியே விழுந்தார். தோள் மூட்டு இறங்கிவிட்டது, பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட போனை எடுத்தேன்.

அதற்குள் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துவிட்டார். கல்லறைக்கு வந்த யாரோ என்று நினைத்தேன். "தொடாதீங்க, எக்ஸ்ரே எடுக்கணும்" என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"என் பிள்ளைங்க பேரச் சொல்லு" என்றார்.

அத்தான் நாலு பெயரையும் சொன்னார். பெரியவர் இழுக்கவில்லை. "இன்னும் ஒண்ணு."

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். பெரியவர் கையை மெல்லத் திருகினார். "லூர்து! லூர்து!" என்று கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அலறினார். கடக்கென்று மூட்டு உட்கார்ந்தது. நான் அத்தானைத் தாங்கி உட்காரவைத்துவிட்டுத் திரும்பினால், பெரியவரைக் காணோம். சுற்றி நின்றவர்களோ, "நீதானம்மா இழுத்து விட்ட" என்கிறார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள்!

இவ்வளவுக்குப் பிறகாவது கல்லில் பெயர் ஏறியது என்று நினைக்கிறீர்களா? "வலியில ஏதோ உளறிட்டேன்" என்கிறார், வெட்கம் கெட்ட மனுஷன்.

ஆனால் அந்தத் தோள் இப்போதும் அவ்வப்போது கழன்றுகொள்கிறது. போன மாதம் எங்கள் வார்டுக்கே வந்தார். டாக்டர் எவ்வளவு இழுத்தும் உட்காரவில்லை. டாக்டர் வெளியே போனதும் அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா? கடக்கென்று சத்தம் வந்தது. யாரும் அவரைத் தொடவில்லை, நான் பக்கத்திலேயே நிற்கிறேன். சட்டைக் கை மட்டும் யாரோ இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி கசங்கியிருந்தது.