நெரிசலில் நகர்கிறது, சார்

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில் நாங்கள் தாவரவியல் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்து மைக்ராஸ்கோப்பில் சுரக்குடி விவசாயி ஒருவரின் மகள். தேறினால் மேலே படிக்கலாம், தவறினால் கல்யாணம் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்.

தேர்வாளர் வெளியூர்க்காரர். அப்படி வருகிறவர் திரும்பும்போது, எங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும் மது பாட்டில்கள் அவர் பையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் விரிவுரையாளர் காலையிலேயே வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்.

செல்லுக்குள் மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்று தேர்வாளர் அவளைக் கேட்டார். தண்ணீரில் விட்ட மைத்துளி போலப் பரவும் என்பது புத்தகத்தின் பதில். அவளோ வாய்க்காலிலிருந்து பறித்து வந்த வேலம்பாசி என்ற நீர்ச்செடியின் இலையை மைக்ராஸ்கோப்பில் மாதக்கணக்கில் பார்த்திருந்தாள்.

"நெரிசல்ல நகருது சார். சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாத்துல பாருங்க, சின்னப் புள்ள இடுக்குல புகுந்து போயிடும், பெரியாளு முட்டிக்கிட்டு நிப்பாரு. கண்ணுக்குத் தெரியிற பசுங்கணிகமே இடிச்சுக்கிட்டுதான் போகுது. தெரியாததுக்கு மட்டும் இடம் காலியாவா இருக்கும்?"

"நீ பரீட்சைக்கு வந்தியா, எள்ளு விளக்கு ஏத்த வந்தியா?" என்றார் அவர். பிறகு விரிவுரையாளரைப் பார்த்தார். அந்த இலையை முதன்முதலில் அவளுக்குக் காட்டியவரே விரிவுரையாளர்தான். வகுப்பில் இதே நெரிசலை அவளோடு வாதாடி ஒப்புக்கொண்டவர். அன்று ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி நின்றார். அவள் தேறவில்லை.

பின்னாளில் பத்திரிகை வேலையில், செல்லைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்த நேர்ந்தது. உள்ளே புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, சிறியவை நழுவிப் போகின்றன, பெரியவை தடுமாறுகின்றன என்றிருந்தது. திருத்த ஒன்றுமில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்து வெளியே போனேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் யாரிடமாவது கத்தியிருப்பேன்.

அதற்கு வெகு முன்பே நடந்த அவள் கல்யாணத்துக்கு விரிவுரையாளர் வந்திருந்தார். மணமேடையில் அவள் குரலை உயர்த்தாமல், தான் சொன்னது தப்பா என்று அவரைக் கேட்டாள்.

"தப்புன்னு யாரும்மா சொன்னா? பரீட்சையில அப்படிச் சொல்லலாமா?"

"தப்பில்லன்னு அன்னிக்கு எக்ஸாமினர்கிட்ட சொல்லியிருக்கலாம் சார்" என்றாள். அவர் நீட்டிய பரிசுப் பொட்டலத்தை அவள் வாங்கவில்லை. மாப்பிள்ளைதான், விஷயம் தெரியாமல், கைநீட்டி வாங்கிக்கொண்டார்.